காசிக்கு மேற்கே கம்பள நாடு

வெளியூரில் குடும்பம் நடத்தும் நம்மவர் வீடுகளில் முன் அறைக்கு ஓய்வே கிடையாது. காலையில் அது பத்திரிகை படிக்கும் கூடம். மாலையில் குழந்தைகளின் பள்ளிக்கூடம். வெள்ளிக்கிழமைகளில் நாலு பேர் கூடிப் பாடும் பஜனை மடம். ஊரிலிருந்து பெற்றோரோ உறவினரோ வந்துவிட்டால் இரவில் அதுவே சத்திரம். இத்தனை வேலையையும் தாங்கும் அந்த அறையின் நீளம் 12 அடி, அகலம் 10 அடி. அதற்குள் ஒரு ஸோபா, ஒரு திவான், ஒரு புத்தக அலமாரி, ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. எஞ்சியிருக்கும் தரைதான் நமக்கு வாய்த்த நிலபுலம். அந்த நிலத்தில் எதை விரிப்பது, எங்கே விரிப்பது என்பது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு மாதச் சம்பளத்தின் பெரும் பங்கை விழுங்கக்கூடிய கேள்வி அது. வீட்டிலுள்ள முதியவர்களின் காலையும், முன்பின் அறியாத ஒரு நெசவாளியின் கையையும் தொடுகின்ற கேள்வியும் கூட.

துணிக் கடையில் புடவை எடுப்பதற்கு முன் தறியைப் பார்த்தவர்கள் ஏமாறுவதில்லை என்பார்கள். கம்பளத்துக்கும் அது பொருந்தும். தறியைப் பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. காசி யாத்திரை நம்மவர்க்குப் புதிதன்று. அனுமான் கட்டத்துத் தெருக்களிலும் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்திலும் தமிழ்க் குரல் கேட்காத நாள் இல்லை. விசுவநாதரையும் அன்னபூரணியையும் தரிசித்து, கங்கை நீரைச் செம்பில் அடைத்து, பனாரஸ் பட்டு ஒன்றும் வாங்கிக்கொண்டு இரயில் ஏறுவதோடு பெரும்பாலோர் யாத்திரையை முடித்துக்கொள்கிறார்கள். இன்னும் ஒரே ஒரு நாள் தங்கி மேற்கே சுமார் 45 கிலோமீட்டர் சென்றால், உலகத்து வீடுகளுக்கெல்லாம் தரை விரிப்பு நெய்து அனுப்பும் ஒரு நாட்டைக் கண்டு வரலாம். பதோஹி என்பது அதன் பெயர்.

தை மாதத்தில், டில்லியிலிருந்து நாங்களும் கும்பகோணத்திலிருந்து எங்கள் அத்தையும் காசியில் சந்தித்தபோது, அந்த ஒரு நாளை ஒதுக்கினோம். காலைப் பனி கலையாத நேரம். வங்காளத்தையும் வடமேற்கு எல்லையையும் இணைத்த பழைய பெருவழிச் சாலையில் வண்டி மேற்கே ஓடியது. இரு புறமும் கடுகு பூத்து வயல்கள் மஞ்சள் போர்த்திருந்தன. ஔராய் என்னும் ஊரில் சாலை பிரிகிறது. வடக்கே திரும்பினால் பதோஹி. தெற்கே திரும்பிக் கங்கையைக் கடந்தால் மிர்ஸாபூர். முன்னது முடிச்சுக் கம்பளத்துக்குப் பேர்போனது. பின்னது கம்பளத்துடன் ‘தரி’ எனப்படும் தட்டை விரிப்புக்கும் பேர்போனது. 1994-ஆம் ஆண்டு வரையில் பதோஹி, வாராணசி மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. அவ்வாண்டில்தான் தனி மாவட்டமாயிற்று. இப்பகுதிக் கைமுடிச்சுக் கம்பளத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. கம்பளத் தொழில் நுட்பத்தைக் கற்பிக்கவென்றே மத்திய அரசின் ஜவுளி அமைச்சகம் நிறுவிய கல்லூரி ஒன்றும் இவ்வூரில் இருக்கிறது.

இந்தத் தொழில் இங்கே வேரூன்றியதைப் பற்றி ஒரு கர்ண பரம்பரைக் கதை வழங்குகிறது. அக்பர் காலத்தில் பெருவழிச் சாலையில் சென்ற பாரசீக நெசவாளர் கூட்டம் ஒன்று வழிப்பறிக்கு ஆளாயிற்றாம். தப்பியவர்களுக்குக் கோசியா, மாதோசிங் பக்கத்துக் கிராமத்தார் அடைக்கலம் தந்தார்களாம். அந்த நன்றிக்கு அவர்கள் தம் வித்தையைக் கற்றுக் கொடுத்தார்களாம். கதை எவ்வாறாயினும், அக்பர் கம்பள நெசவை ஆதரித்ததை அபுல் பஸலின் ‘அயினி அக்பரி’ கூறுகிறது. பின்னர் ஆங்கிலேயர் காலத்தில் ஆக்ரா சிறைக் கைதிகள் விக்டோரியா மகாராணியின் பொன்விழாவுக்காக நெய்த பெருங்கம்பளம் இங்கிலாந்தில் விண்ட்ஸர் கோட்டையின் வாட்டர்லூ மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அது சுமார் இரண்டு டன் எடையுள்ள கம்பளம். மண்டபங்களுக்கு நெய்யப் பழகிய இந்தக் கலையை நம் பத்தடி அறைக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதே நமது பிரச்சினை.

பதோஹிக் கடைவீதியில் கண்ணில் படுவனவெல்லாம் கம்பளி நூல் சிட்டங்களும், சாயம் தோய்ந்து வெயிலில் காயும் நூல்களும், சைக்கிளிலும் வண்டியிலும் சுருள் சுருளாகப் போகும் கம்பளங்களுமே. ஆனால் தறிகள் பெரும்பாலும் சுற்றுப்புறக் கிராமங்களில் இருக்கின்றன. வியாபாரி நூலையும் வரைபடத்தையும் அனுப்புகிறார். நெசவாளி தன் வீட்டுத் திண்ணையிலோ கொட்டகையிலோ நெய்து கொடுக்கிறார். அப்படிப்பட்ட ஒரு கொட்டகைக்குள் எங்களை அழைத்துச் சென்றார்கள்.

நம் ஊர்ப் புடவைத் தறி தரைக்கு இணையாகப் படுத்திருக்கும். இந்தத் தறியோ சுவரைப் போல் நிமிர்ந்து நிற்கிறது. பருத்திப் பாவு மேலிருந்து கீழாக விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. நெசவாளர்கள் வரிசையாக ஒரு பலகையில் அமர்கிறார்கள். எதிரே கட்டம் போட்ட வரைபடம். அதனை அவர்கள் ‘நக்‌ஷா’ என்கிறார்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு முடிச்சு. கம்பளி இழையை ஒரு பாவு நூலில் முழுதும் சுற்றி, அடுத்த நூலின் பின்னால் நுழைத்து இழுத்து, கத்தியால் அறுத்துவிட்டு, விரல் அடுத்த முடிச்சுக்குப் போய்விடுகிறது. கண் அதைத் தொடர முடிவதில்லை. ஒரு வரிசை நிறைந்ததும் ஊடையைச் செலுத்தி, ‘பஞ்சா’ என்னும் இரும்புச் சீப்பால் ஓங்கி ஓங்கி அடித்து இறுக்குகிறார்கள். அந்த ஓசைதான் இக்கிராமங்களின் கடிகாரம்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 அடிக்கு 6 அடி கொண்ட சிறு கம்பளம் என்றால் 48 அங்குலத்துக்கு 72 அங்குலம். அதாவது 3,456 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 100 முடிச்சு என்றால் மொத்தம் 3,45,600 முடிச்சுகள். கைதேர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 6,000 முடிச்சுப் போடுவதாக வைத்துக்கொண்டாலும், தனி ஒருவருக்கு ஏறத்தாழ 58 நாள் வேலை. சாயமிடுதல், வெட்டிச் சமன் செய்தல், அலசுதல், இழுத்துக் காயவைத்தல் எல்லாம் இதற்குப் புறம்பு. ‘கையால் முடிந்தது, அசல் கம்பளி, மலிவோ மலிவு’ என்று ஒருவர் நம்மூர்க் கண்காட்சிப் பந்தலில் கூவினால், இந்தக் கணக்கை மனத்தில் போட்டுப் பார்த்தாலே போதும். ஒன்று, பொருள் பொய்யாக இருக்க வேண்டும். அல்லது கூலி பொய்யாக இருக்க வேண்டும்.

அசலை அறிவது எப்படி? தறியில் இருந்த முதியவரைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “முகத்தைப் பார்த்து மயங்காதீர்கள், பாபுஜி. முதுகைப் பாருங்கள்” என்றார்.

அவர் கூறியதன் பொருள் இது. கையால் முடிந்த கம்பளத்தைத் திருப்பினால் பின்புறத்திலும் அதே பூவும் கொடியும் தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு முடிச்சையும் விரலால் உணரலாம். இரு முனைகளிலும் தொங்கும் குஞ்சம் பாவு நூலின் தொடர்ச்சியாகவே இருக்கும். தனியே தைத்து ஒட்டியதாக இராது. பின்புறத்தில் துணி ஒட்டியிருந்தால் அது வேறு ஜாதி. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிக்குள் துப்பாக்கி போன்ற ஒரு கருவியால் கம்பளி இழைகளைச் செலுத்தி, பின்னால் ரப்பர்ப் பசை பூசி, துணியால் மூடிவிடுகிறார்கள். இதுவும் பதோஹியில் ஏராளமாகச் செய்யப்படுகிறது. இதில் குற்றம் ஒன்றுமில்லை. விலை குறைவு, காலுக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் பசை சில ஆண்டுகளில் உலர்ந்து பொடியாக உதிரத் தொடங்கும். ஆகவே இதை இதற்குரிய விலைக்கு வாங்கலாம். முடிச்சுக் கம்பளத்தின் விலைக்கு வாங்கலாகாது.

கம்பளியா அன்றா என்று அறிய, ஓர் இழையைப் பிடுங்கித் தீயில் காட்டச் சொல்லுங்கள். உண்மையான கம்பளி மயிர் கருகும் நாற்றத்துடன் எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலாகும். செயற்கை நூல் உருகிக் கடினமான மணியாகத் திரளும். ‘பட்டு’ என்று பளபளப்பது பல இடங்களில் விஸ்கோஸ் என்னும் மரக்கூழ் நூலாக இருக்கிறது. காகிதம் எரிவது போல் மணக்கும். நீர் பட்டால் வலுவிழக்கும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது ஏற்றதன்று. ஈரமான வெள்ளைத் துணியால் ஓர் ஓரத்தில் தேய்த்துப் பார்த்தால் சாயத்தின் யோக்கியதையும் தெரிந்துவிடும்.

கடையில் எங்கள் முன் 8 அடிக்கு 10 அடி கொண்ட சிவப்புக் கம்பளம் ஒன்றை விரித்தார்கள். நடுவே பெரிய தாமரை போன்ற வட்டம். நான்கு மூலைகளிலும் அதன் கால் பங்கு. கண்ணைப் பறித்தது. அத்தை அதன்மேல் அமர்ந்து, காலை நீட்டி, கையால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “ராத்திரி நாலு பேர் இதன்மேல் படுக்கலாம், சரி. பகலில் ரசம் கொட்டினால் இதை எங்கே கொண்டுபோய் அலசுவாய்?”

அந்த ஒரு கேள்வியில் நம் வீட்டு விரிப்பின் இலக்கணமே அடங்கியிருக்கிறது. மேல்நாட்டார் கம்பளத்தை ஒருமுறை விரித்தால் விரித்தபடியே கிடக்கும். மேலே மேஜையும் நாற்காலியும் நிற்கும். நாமோ தரையில் அமர்கிறோம், தரையில் இலை போடுகிறோம், நவராத்திரிக்குத் தரையை ஒழித்துக் கொலு வைக்கிறோம். சுருட்டி வைக்க முடியாத விரிப்பு நம் சிறிய அறைக்கு உதவாது. ஒருவர் தனியாகச் சுருட்டித் தூக்கி அலமாரிக்குப் பக்கத்தில் நிறுத்தக்கூடிய அளவே நமக்கு நல்ல அளவு. 4 அடிக்கு 6 அடி அல்லது 5 அடிக்கு 8 அடி அந்த வரம்புக்குள் அடங்கும்.

அளவைத் தீர்மானிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பழைய செய்தித்தாள்களை ஒட்டி, வாங்க நினைக்கும் அளவுக்குத் தரையில் இரண்டு நாள் விரித்து வையுங்கள். கதவு திறக்கும்போது தட்டுகிறதா? சமையலறைக்குப் போகும் வழியைக் குறுக்கே வெட்டுகிறதா? அலமாரியின் கீழ்க் கதவு திறக்கிறதா? தாள் கிழியும் இடமே கால் இடறும் இடம். கதவின் அடிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியையும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். முடிச்சுக் கம்பளத்தின் கனம் அதற்குள் அடங்காவிடில், கதவு ஒவ்வொரு நாளும் அதனைச் சிராய்க்கும்.

போடும் இடத்துக்கும் சில முறைகள் உண்டு. அறையின் நீண்ட பக்கத்தோடு விரிப்பின் நீண்ட பக்கம் ஒத்திருக்க வேண்டும். சுவர் வரையில் நிரப்பிவிட்டால் அறை குறுகித் தோன்றும். சுற்றிலும் ஓர் அடியாவது தரை தெரிந்தால் அறை அகன்று தோன்றும். அதற்காக மிகச் சிறிய விரிப்பை நட்ட நடுவில் போட்டால், குளத்தில் மிதக்கும் ஒற்றை இலையைப் போல் ஒன்றோடும் ஒட்டாமல் கிடக்கும். ஸோபாவின் முன் கால்கள் இரண்டும் விரிப்பின் ஓரத்தில் ஏறி நிற்கட்டும். விரிப்பு நகராது, பார்வைக்கும் இரண்டும் ஓர் உறவாகிவிடும். நடுவில் டீப்பாய் வைக்கும் வழக்கம் இருந்தால், நடுவட்டம் உள்ள சித்திரத்துக்குப் பணம் கொடுப்பது வீண். டீப்பாய் அதை மறைத்துவிடும். எங்கும் பரவிய கொடிச் சித்திரமே அதற்கு ஏற்றது. திரைச் சீலை பூப் போட்டதானால், விரிப்பு அடக்கமாக இருக்கட்டும்.

இன்னொரு நுட்பமும் அங்கே கற்றோம். கம்பளத்தின் மயிர்ப்பரப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். மயிரின் நுனிகள் நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் அடர்த்தியாகவும், எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் வெளிறியும் தெரியும். ஆதலால் ஒரே விரிப்பை இருட்டான அறையில் வெளிறிய முகமும், வெளிச்சமான அறையில் அடர்ந்த முகமும் வாயிலை நோக்கும்படி போட்டுக்கொள்ளலாம். ஜன்னல் வெயில் ஒரு பக்கத்தை மட்டும் வெளுக்காதிருக்க, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடாகத் திருப்பிவிடுவது நல்லது.

முதியவர்கள் வந்து தங்கும் வீட்டில் எல்லாவற்றிலும் முக்கியமானது விரிப்பின் ஓரம். வழவழப்பான தரையில் விரிப்பு நழுவும். சுருண்ட ஓரம் கால் விரலைப் பிடித்து இழுக்கும். அடியில் ரப்பர் வலை ஒன்றை விரித்தாக வேண்டும். அதன் விலை அற்பம். அது காப்பதோ இடுப்பெலும்பை.

எந்த ஊருக்கு எது ஏற்றது என்பதையும் யோசிக்க வேண்டும். டில்லி, லக்னௌ, சண்டிகர் போன்ற இடங்களில் மார்கழி, தை மாதங்களில் மொசைக் தரை பனிக்கட்டியாகிவிடும். அங்கே கம்பளி விரிப்பு ஆடம்பரமன்று, அவசியம். பம்பாயிலும் கல்கத்தாவிலும் மழைக்காலத்து ஈரத்தைக் கம்பளி உறிஞ்சிக்கொள்ளும். அங்கே அலசிக் காயவைக்கக்கூடிய பருத்தி விரிப்பே உத்தமம். மிர்ஸாபூர் தரியும் வாரங்கல் தரியும் அவ்வினத்தைச் சேர்ந்தவை. நம் பவானி ஜமுக்காளத்துக்கும் அந்த வரிசையில் உரிய இடம் உண்டு. காவிரியும் பவானியும் கூடும் துறையில் நெய்யப்படும் அந்தப் பட்டைக் கோட்டு விரிப்பும் புவிசார் குறியீடு பெற்றது. கலியாணப் பந்தலில் பார்த்ததோடு நாம் அதை மறந்துவிடுகிறோம். சிறிய அறையில் அது போல் எளிதாக மடிந்து அடங்கும் விரிப்பு வேறில்லை.

இனி, விலை கேட்கும்போது கூடவே கேட்க வேண்டிய ஒரு கேள்வியைச் சொல்ல வேண்டும். கம்பள நாட்டின் கதையில் ஒரு கறை உண்டு. சிறு விரல்கள் சிறு முடிச்சுப் போட ஏற்றவை என்று சொல்லிக் குழந்தைகளைத் தறியில் அமர்த்திய கொடுமை இங்கே நெடுங்காலம் நடந்தது. வெளி மாநிலங்களிலிருந்து கடனுக்கு ஈடாகக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளும் அவர்களில் இருந்தனர். 1986-ஆம் ஆண்டுச் சட்டம் 14 வயது நிறையாதவர்களைக் கம்பள நெசவில் அமர்த்துவதைத் தடை செய்தது. குழந்தைகளைத் தறியிலிருந்து மீட்கப் பாடுபட்டவர்களுள் கைலாஷ் சத்யார்த்தி முதன்மையானவர். 1994-இல், குழந்தை உழைப்பின்றி நெய்தது என்பதற்கு அடையாளமாக ‘ரக்மார்க்’ என்னும் முத்திரை தோன்றக் காரணமாயிருந்தவர்களில் அவரும் ஒருவர். 2009 முதல் அம்முத்திரை ‘குட்வீவ்’ என்னும் பெயரால் வழங்குகிறது. 2014-இல் அவருக்கு மலாலாவுடன் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது.

நாங்கள் பார்த்த கொட்டகையில் குழந்தைகள் இல்லை. ஆயினும் ஒரு கொட்டகையைப் பார்த்துவிட்டு ஒரு நாட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. முத்திரை எல்லாக் கம்பளங்களிலும் இருப்பதில்லை. இல்லாத இடத்தில், “இது எந்தக் கிராமத்தில் நெய்தது? நெய்தவர் யார்?” என்று கேளுங்கள். ஒழுங்கான வியாபாரி தயங்காமல் பதில் சொல்வார். நம் குழந்தை வீட்டுப் பாடம் எழுத உட்காரும் விரிப்பைப் பள்ளிக்குப் போகாத இன்னொரு குழந்தை நெய்திருக்கலாகாது அல்லவா?

நெசவாளிக்கு நியாயமான விலை கிடைப்பதும் இதே கேள்வியின் மறு பக்கம். இங்கே நெய்வனவற்றில் பெரும்பகுதி அயல் நாடுகளுக்குப் போகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றின்மேல் 50 சதவீத வரி விதித்தபோது இத்தறிகள் கலங்கின. உள்நாட்டில் நம்மைப் போன்ற சிறிய வீடுகள் சிறிய விரிப்புகளை அறிந்து வாங்கினால், இந்த ஊருக்கும் ஒரு பிடிப்பு ஏற்படும்.

நாங்கள் சிவப்புத் தாமரையை விட்டுவிட்டோம். 4 அடிக்கு 6 அடியில், எங்கும் கொடியோடிய கருநீலக் கம்பளம் ஒன்றை எடுத்தோம். கார்த்திகை முதல் மாசி வரை அது விரிக்கப்படும். பிறகு தூசு தட்டி, வெயில் காட்டி, வேப்பிலைச் சருகும் கிராம்பும் உள்ளே வைத்துச் சுருட்டப்படும். மடித்து வைத்தால் மடிப்பில் பாவு நைந்துவிடும் என்று கடைக்காரர் எச்சரித்தார். பங்குனி முதல் அந்த இடத்தில் பவானி ஜமுக்காளம். இலை போடும் நாட்களில் இரண்டும் கிடையாது, வெறுந்தரைதான். ரசம் கொட்டினால் துடைப்பதற்கு அதைவிட நல்லது எது என்று அத்தை திருப்தியுடன் சொல்லிவிட்டாள். விரிப்பின்மேலேயே எதுவும் சிந்திவிட்டால், தேய்க்காமல் உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும் என்பதை மட்டும் வீட்டில் எல்லோரும் கற்றுக்கொண்டோம். புதுக் கம்பளத்திலிருந்து சில மாதங்கள் கம்பளித் துகள் உதிரும். அது இயற்கை, அஞ்ச வேண்டாம்.

அடுத்த முறை காசிக்குச் செல்லும் அன்பர்கள் பதோஹிக்கு ஒரு நாள் ஒதுக்குவார்களாக. புறப்படுமுன் முன் அறையின் நீள அகலத்தையும், கதவடியின் இடைவெளியையும், ஸோபாவுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தையும் ஒரு தாளில் குறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கம்பளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விரிந்து கண் மயங்கும் வேளையில், அந்தத் தாள்தான் உங்களுக்குத் துணை.